தோசைக்கல் ஏன் சீக்கிரம் ஆறுவதில்லை?

வீட்டில் இரண்டு தோசைக்கல் இருந்தால் இதைச் செய்து பார்க்கலாம். ஒன்று பாட்டி காலத்து வார்ப்பிரும்புக் கல்; ஒரு கையால் தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும். இன்னொன்று மெல்லிய அலுமினிய நான்ஸ்டிக் தவா. இரண்டையும் நன்றாகக் காயவைத்து ஒரே அளவு மாவை ஊற்றுங்கள். இரும்பில் மாவு விழுந்ததும் எழுகிற 'சுர்' சத்தம் லேசில் குறையாது. மெல்லிய தவாவில் அது சட்டென்று அடங்கும். கொஞ்சம் பொறுத்துத்தான் மறுபடி எழும். இதற்கு நம் வீடுகளில் தயாராக ஒரு விளக்கம் உண்டு: "இரும்பு சூட்டைப் பிடிச்சு வெச்சுக்கும்."

சரி, இப்போது பள்ளி இயற்பியல் புத்தகத்தை எடுத்துத் தன்வெப்ப அட்டவணையைப் பாருங்கள். ஒரு கிராம் அலுமினியத்தை ஒரு டிகிரி சூடாக்க 0.90 ஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கிராம் இரும்புக்கு 0.45 ஜூல் போதும். அதாவது கிராமுக்கு கிராம், சூட்டை அதிகம் பிடித்து வைப்பது அலுமினியம்தான், அதுவும் இரண்டு மடங்கு. பாட்டி சொன்னது தப்பா, புத்தகம் தப்பா?

இரண்டும் சரிதான். எப்படி என்று பார்க்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

குழப்பத்தில் பாதி 'சூடு' என்கிற சொல்லிலேயே இருக்கிறது. காபி சூடு, உடம்பு சூடு, வெயில் சூடு என்று எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்துச் சமாளிக்கிறோம். அன்றாடப் பேச்சுக்கு அது போதும். ஆனால் அதற்குள் இரண்டு தனித்தனிக் கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. பொருளுக்குள் எவ்வளவு வெப்பம் போயிருக்கிறது என்பது ஒன்று. அது எத்தனை டிகிரியில் நிற்கிறது என்பது இன்னொன்று. முதலாவது வெப்பம், இரண்டாவது வெப்பநிலை. தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பு கொளுத்தும்போது பறக்கிற பொறி ஒவ்வொன்றும் ஆயிரம் டிகிரியைத் தாண்டியது. அது கையில் பட்டால் ஊசி தொட்டதுபோல இருக்கும், அவ்வளவுதான். அதே கையில் கொதிக்கும் வெந்நீர் ஒரு சொட்டுத் தெறித்தால் தோல் சிவந்துவிடும். பொறியின் வெப்பநிலை பத்து மடங்கு அதிகம். ஆனால் அது கண்ணுக்கே சரியாகத் தெரியாத இரும்புத் துணுக்கு. அது கைக்குத் தருவதைவிட அந்த ஒரு சொட்டு நீர் தரும் வெப்பம் ஆயிரக்கணக்கான மடங்கு கூடுதல். (மத்தாப்பு அணைந்தபின் கம்பியைத் தொட்டுப் பார்க்க வேண்டாம். அங்கே இரும்பு நிறையவே இருக்கிறது.)

இந்த வேறுபாடு மனிதருக்குப் பிடிபட ரொம்ப நாளானது. வெப்பமானி வந்தபிறகும்கூடப் பிடிபடவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் முதல் பாதியில், தன் பெயரையே அளவுகோலுக்குத் தந்த ஃபாரன்ஹீட், நெதர்லாந்தின் லெய்டன் நகரப் பேராசிரியர் ஹெர்மன் பூர்ஹாவ கேட்டுக்கொண்டபடி பாதரசத்தையும் நீரையும் வெவ்வேறு வெப்பநிலையில் எடுத்துக் கலந்து பார்த்தார். வெப்பம் ஒரு பொருள் அடைத்துக்கொள்ளும் இடத்துக்குத் தக்கபடி பங்காகும் என்பது பூர்ஹாவவின் எண்ணம். எடைக்குத் தக்கபடி பங்காகும் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். கனமான பொருளுக்குள் அதிகம் அடங்கும் என்பது யாருக்கும் இயல்பாகத் தோன்றுவதுதானே. பாதரசமோ நீரைப்போல 13.6 மடங்கு கனமானது.

சோதனை முடிவு இரண்டு கட்சிக்கும் சாதகமாக இல்லை. அதை உட்கார்ந்து யோசித்து அர்த்தம் சொன்னவர், 1760 வாக்கில் கிளாஸ்கோவில் பேராசிரியராக இருந்த ஜோசப் பிளாக். 100 டிகிரி ஃபாரன்ஹீட் நீரோடு அதே கன அளவு 150 டிகிரி பாதரசத்தைக் கலக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் தன் வகுப்பில் சொல்வார். சரிபாதி என்றால் கலவை 125-இல் நிற்க வேண்டும். ஆனால் 120-இல் நிற்கிறது. பாதரசம் 30 டிகிரி இறங்கியிருக்கிறது. அது விட்டுக்கொடுத்த வெப்பம் நீரை 20 டிகிரிதான் ஏற்றியிருக்கிறது. ஒருவர் இழந்ததும் மற்றவர் பெற்றதும் ஒரே அளவு வெப்பம்தான், ஆனால் டிகிரி மட்டும் வேறு. அப்படியானால் ஒவ்வொரு பொருளுக்கும் வெப்பத்தை வாங்கிக்கொள்வதில் தனக்கென்று ஒரு கொள்ளளவு இருக்கிறது. அதற்கும் எடைக்கும் இடத்துக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. இன்றைய எண்களை வைத்துக் கணக்குப் போட்டால் அந்தக் கலவை 120-இல்கூட நிற்காது, 116-க்குப் பக்கத்தில் வந்துவிடும். கையிலிருந்த அளவீடு கொஞ்சம் பிசகியிருந்தும் முடிவு சரியாகவே இருந்தது. பிளாக் இதையெல்லாம் தானே புத்தகமாக்கவில்லை. அவர் இறந்து நான்கு வருடம் கழித்து, 1803-இல்தான் அந்தச் சொற்பொழிவுகள் அச்சாயின.

அந்தக் கொள்ளளவைத்தான் நாம் தன்வெப்பம் என்கிறோம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'தன்வெப்ப ஏற்புத்திறன்', இலங்கையில் 'தன்வெப்பக் கொள்ளளவு'. வரையறை எளிது: ஒரு பொருளின் ஒரு கிராமை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவையான வெப்பம். நீருக்கு 4.18 ஜூல். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் போன்றவற்றுக்குச் சுமார் 2. கண்ணாடி, மணல், கருங்கல், செங்கல் எல்லாம் 0.8-ஐ ஒட்டி. செம்பு 0.385, வெள்ளி 0.235, தங்கம் 0.129, ஈயம் 0.128. எண் சிறியதாக இருந்தால் கொஞ்சம் வெப்பத்துக்கே எகிறிவிடும்; பெரியதாக இருந்தால் எவ்வளவு கொடுத்தாலும் மெதுவாகவே ஏறும்.

அடுப்பில் இதை நேராகவே பார்க்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 300 கிலோஜூல் வேண்டும். அதே 300 கிலோஜூலை ஒரு கிலோ எண்ணெய்க்குக் கொடுத்தால் அது 170 டிகிரியைத் தொட்டுவிடும், அதாவது வடை பொரிகிற சூடு. ஒரே அடுப்பு, ஒரே தீ, ஏறக்குறைய ஒரே நேரம். ஒரு பக்கம் தண்ணீர் அப்போதுதான் கொதிக்கத் தொடங்குகிறது, இன்னொரு பக்கம் எண்ணெய் வடை தட்டிப் போடத் தயார். தண்ணீரைப் பார்த்த பழக்கத்தில் எண்ணெயையும் அடுப்பில் வைத்துவிட்டு டிவி பார்க்கப் போகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

தண்ணீரைச் சூடாக்குவதற்குத்தான் நம் வீட்டு எரிபொருளில் பெரும்பங்கு போகிறது என்பதும் இந்த 4.18-இன் வேலைதான். ஒரு கிராம் சமையல் எரிவாயுவில் சுமார் 46 கிலோஜூல் இருக்கிறது. அடுப்பு அதில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் பாத்திரத்துக்குச் சேர்க்கும். கணக்குப் போட்டால் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்கப் பத்து கிராம் வாயு. 14.2 கிலோ சிலிண்டர் முழுவதையும் வெந்நீருக்கே செலவழித்தால் ஆயிரத்து நானூறு லிட்டர் வரும். குளியலறை ஹீட்டருக்கும் இதே கணக்குதான். 15 லிட்டர், 2 கிலோவாட் ஹீட்டர் 25 டிகிரி நீரை 55-க்குக் கொண்டுவர 16 நிமிடம் ஆகும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், எத்தனை நட்சத்திரம் ஒட்டியிருந்தாலும் இந்தப் பதினாறு நிமிடத்தைக் குறைக்க முடியாது. நட்சத்திரம், சூடானபின் ஆறாமல் வைத்திருப்பதைப் பற்றியது.

ஏன் ஈயத்துக்கு 0.128, அலுமினியத்துக்கு 0.90? ஏழு மடங்கு வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? இதற்கான விடை எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி. 1819-இல் பாரிஸில் டூலோங், பெட்டி என்ற இருவர் தனிமங்களின் தன்வெப்பத்தை அவற்றின் அணு எடையால் பெருக்கிப் பார்த்தார்கள். இன்றைய எண்களை வைத்து நீங்களே பெருக்கிப் பாருங்கள். அலுமினியம்: 0.90 பெருக்கல் 27, விடை 24.3. செம்பு: 0.385 பெருக்கல் 63.5, விடை 24.4. இரும்பு 25.1. வெள்ளி 25.4. தங்கம் 25.4. ஈயம் 26.5. கிராமுக்குப் பார்க்கும்போது ஏழு மடங்கு விலகி நின்றவை, அணுவுக்குப் பார்க்கும்போது ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன.

அதாவது ஈய அணு சோம்பேறியும் இல்லை, அலுமினிய அணு பேராசைக்காரனும் இல்லை. எல்லா உலோக அணுவும் ஏறக்குறைய ஒரே அளவு வெப்பத்தைத்தான் வாங்கி அதிர்கிறது. ஒரு கிராம் ஈயத்தில் அணுக்கள் குறைவு, ஏனென்றால் ஒவ்வொன்றும் குண்டு. அலுமினியத்தில் அதே கிராமுக்குள் ஏழெட்டு மடங்கு அணுக்கள் அடங்கியிருக்கின்றன. பந்தியில் எத்தனை இலை விழுந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. ஆளுக்கு வைக்கும் சோறு ஒன்றுதான். அந்தக் கால வேதியியலாளர்கள் இதைத் திருப்பிப்போட்டு, தன்வெப்பத்தை அளந்து சில தனிமங்களின் அணு எடைகளைத் திருத்திக்கொண்டார்கள்.

வைரம் மட்டும் இந்தப் பந்தியில் உட்கார மறுத்தது. 0.51-ஐக் கார்பனின் 12-ஆல் பெருக்கினால் 6 தான் வருகிறது, 25 அல்ல. வைரத்தில் அணுக்கள் மிக இறுக்கமாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை அதிரவைக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல் 'துண்டு' பெரியது. அறை வெப்பநிலையில் அந்தத் துண்டு பெரும்பாலான அணுக்களுக்குக் கிடைப்பதில்லை. 1907-இல் இப்படி விளக்கியவர் ஐன்ஸ்டைன். ஆற்றல் துண்டு துண்டாகவே கைமாறும் என்கிற குவாண்டம் கருத்தைத் திடப்பொருளுக்குள் கொண்டுபோன முதல் கட்டுரை அது. பாதரசத்தையும் நீரையும் கலந்து பார்த்ததில் தொடங்கிய ஒரு சாதாரணக் கேள்வி குவாண்டம் வரை போய் நின்றது.

நீர் எங்கே பொருந்துகிறது? நீரின் மூலக்கூறு மிக லேசானது, ஆகவே ஒரு கிராமுக்குள் ஏராளமான மூலக்கூறுகள். அதோடு பக்கத்து மூலக்கூறுகளை ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொண்டே இருக்கிறது. கொடுக்கும் வெப்பத்தில் ஒரு பங்கு அந்தப் பிடிகளைத் தளர்த்துவதிலேயே கழிந்துவிடுகிறது. வெப்பநிலை ஏறுவதற்கு மிச்சம்தான் கிடைக்கிறது. பனிக்கட்டியாக உறைந்தாலும் ஆவியாகப் பறந்தாலும் அதே நீரின் தன்வெப்பம் பாதியாகிவிடுவதைப் பார்த்தால் திரவநிலையின் தனித்தன்மை புரியும். நம் உடம்பிலும் பெரும்பகுதி நீர்தான் என்பதால் அதன் சராசரி 3.5 ஜூல் அளவுக்கு வருகிறது. 60 கிலோ ஆளுக்கு ஒரு டிகிரி காய்ச்சல் ஏற 210 கிலோஜூல் வேண்டும். உணவுக் கலோரியில் சொன்னால் ஐம்பது. ஏறக்குறைய ஒரு இட்லி.

இப்போது தோசைக்கல்லுக்குத் திரும்புவோம். அட்டவணையில் இருப்பது ஒரு கிராமுக்கான எண். ஆனால் அடுப்பில் இருப்பது ஒரு கிராம் இல்லை. வெப்பம் எவ்வளவு என்று தெரிய மூன்று எண்களைப் பெருக்க வேண்டும்: நிறை, தன்வெப்பம், எத்தனை டிகிரி மாற்றம். பாட்டியின் இரும்புக் கல் 2 கிலோ என்று வைத்துக்கொண்டால் அதை ஒரு டிகிரி மாற்ற 900 ஜூல். அலுமினியத் தவா 600 கிராம் என்றால் 540 ஜூல். தன்வெப்பத்தில் பாதியாக இருந்தும் இரும்பு எடையில் முந்திவிட்டது.

ஒரு கரண்டி மாவு 80 கிராம் இருக்கும், பெரும்பகுதி தண்ணீர். அதை அறை வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குப் பக்கம் கொண்டுவர 18 கிலோஜூல் வேண்டும். மாவு விழுந்த முதல் சில நொடிகளில் அடுப்பு அவ்வளவு வேகமாகக் கொடுக்காது, கல்தான் கையிருப்பிலிருந்து கொடுக்க வேண்டும். இரும்புக் கல் 20 டிகிரி இறங்கும். அலுமினியத் தவா 33 டிகிரி இறங்கும். இரண்டும் 200-இல் இருந்தன என்றால் ஒன்று 180, மற்றது 167. சத்தம் அடங்கியதற்குக் காரணம் அதுதான். (ஆவியாகப் போகிற தண்ணீர் இதைவிட அதிகம் கேட்கும். அது ஒரு நிமிடத்துக்கு மேல் நிதானமாக நடப்பது, அதற்குள் அடுப்பு ஈடுகட்டிவிடும்.) ஐந்தாவது, ஆறாவது தோசையில் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். இரும்பு நிதானமாக இருக்கும். தவா ஒரு தோசைக்கு ஆறியும் அடுத்ததற்குக் கருகவிட்டும் விளையாடும்.

இரும்புக்கு எடையைத் தந்தது அதன் அடர்த்தி. கிராமை விட்டுவிட்டு ஒரு கன சென்டிமீட்டருக்கு எவ்வளவு என்று கேட்டால் அட்டவணையின் முகமே மாறிவிடுகிறது. இரும்பு 3.5, செம்பும் ஏறத்தாழ அதே அளவு, அலுமினியம் 2.4, நீர் 4.2. கிராம் கணக்கில் நீருக்கு ஒன்பதில் ஒரு பங்காக இருந்த இரும்பு, இடக் கணக்கில் நீரை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறது. ஒரே தடிமனில் இரும்புக் கல்லும் அலுமினியக் கல்லும் செய்தால் இரும்பே அதிகம் பிடித்து வைக்கும். ஆகப் பாட்டி சொன்னது இந்தக் கணக்கில் சரி. அவர் 'கல்' என்றுதானே சொன்னார், 'கிராம்' என்று சொல்லவில்லையே.

காபி குடிக்கும் பாத்திரத்திலும் இதே கதை. 150 மில்லி காபி, 85 டிகிரி. அதை 100 கிராம் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினால் டம்ளர் சூடாவதற்காகக் காபி இழப்பது நான்கே டிகிரி. 300 கிராம் எடையுள்ள பெரிய பீங்கான் கோப்பையில் ஊற்றினால், கோப்பை முழுவதும் சூடேறி முடிக்கும்போது காபி 70-க்குக் கீழே வந்திருக்கும். தன்வெப்பம் எவர்சில்வருக்கு 0.5, பீங்கானுக்கு 0.85 அளவில், எடையோ மூன்று மடங்கு. கோப்பையை முதலில் வெந்நீர் விட்டு அலசச் சொல்வது இதற்காகத்தான். ஆனால் டம்ளர் உதட்டைச் சுடுகிறதே, கோப்பை அப்படிச் சுடுவதில்லையே என்று கேட்டால், அங்கே விளையாடுவது தன்வெப்பம் இல்லை. வெப்பம் எவ்வளவு வேகமாக ஊடே பாய்கிறது என்கிற கடத்துதிறன். மே மாத மத்தியானம் வெயிலில் நிற்கும் பேருந்தில் கம்பியைத் தொட்டால் கையை இழுத்துக்கொள்கிறோம். பக்கத்தில் ஒரு மரப்பலகை இருந்தால் அதில் கை வைக்க முடிகிறது. மரத்தின் தன்வெப்பம் இரும்பைவிட மூன்று நான்கு மடங்கு அதிகம். அதிகம் வைத்திருந்தும் அது கையில் அவசரமாகக் கொடுப்பதில்லை. 'சூடாக இருக்கிறது' என்று கை சொல்லும்போது பல நேரம் அது வெப்பம் பாயும் வேகத்தைத்தான் சொல்கிறது.

பாடப்புத்தகங்கள் தன்வெப்பத்துக்கு வழக்கமாகக் காட்டும் உதாரணம் கடற்கரை. மணலின் தன்வெப்பம் குறைவு, நீருடையது அதிகம், ஆகவே பகலில் நிலம் சீக்கிரம் சூடாகிறது, அதன் மேலுள்ள காற்று எழும்புகிறது, கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. தேர்வுக்கு இது முழு மதிப்பெண். ஆனால் மெரினாவில் மத்தியானம் இரண்டு மணிக்குச் செருப்பில்லாமல் நடந்து பார்த்தவருக்கு இது போதாது. மணலுக்கு 0.8, நீருக்கு 4.2. வெறும் ஐந்து மடங்கு. மணல் காலை ஏழு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் 30 டிகிரி ஏறுகிறது என்றால் கடல் ஆறு டிகிரியாவது ஏறியிருக்க வேண்டும். கடலோ ஒரு டிகிரிகூட மாறியிருக்காது.

விட்டுப்போனது இங்கேயும் நிறைதான். வெயில் மணலின் மேல்தோலோடு நின்றுவிடுகிறது. உலர்ந்த மணல் வெப்பத்தைக் கீழே கடத்துவதில் மகா மந்தம். ஒரு பகல் முழுக்கக் காய்ந்தாலும் அந்த ஏற்ற இறக்கம் ஒரு சாண் ஆழத்துக்குள் அடங்கிவிடும். சுடும் மணலில் காலைப் புதைத்துக்கொண்டால் உள்ளே குளுகுளுவென்று இருப்பது இதனால். ஜனவரி முதல் சில மாதங்கள் சென்னைக் கடற்கரைக்கு வந்து முட்டையிடும் பங்குனி ஆமைகள் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டுகின்றன. அந்த ஆழத்தில் பகலும் இரவும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலை. ஆமைக்கு அது முக்கியம், குஞ்சு ஆணா பெண்ணா என்பதையே அந்த வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது.

கடலில் நிலைமை வேறு. வெயில் நீருக்குள் பல மீட்டர் ஊடுருவுகிறது, அலையும் காற்றும் மேலது கீழது என்று கலக்கிக்கொண்டே இருக்கின்றன. ஒரு சதுர மீட்டர் பரப்பை எடுத்துக்கொள்வோம். மணலில் பத்து சென்டிமீட்டர் ஆழம்வரைதான் வெப்பம் போகிறது என்றால் அது 160 கிலோ மணல். ஒரு டிகிரிக்கு 128 கிலோஜூல். கடலில் பத்து மீட்டர் கலந்தால் பத்தாயிரம் கிலோவுக்கு மேல் நீர். ஒரு டிகிரிக்கு 40,000 கிலோஜூலுக்கும் மேல். முந்நூறு மடங்கு. ஐந்து மடங்கைத் தன்வெப்பம் கொடுத்தது. மிச்ச அறுபது மடங்கு கலந்த ஆழமும் அடர்த்தியும் கொடுத்தது. போதாததற்கு, கடல் ஆவியாவதிலும் வாங்கிய வெப்பத்தைச் செலவழித்துவிடுகிறது. அந்த முந்நூறு மடங்குதான் நம் மத்தியானக் கடற்காற்றை இழுத்து வருகிறது. மே, ஜூனில் மேற்கிலிருந்து வறண்ட தரைக்காற்று பலமாக அடிக்கும் நாட்களில் கடற்காற்று உள்ளே நுழைய முடியாமல் தாமதமாகும். சென்னை நாற்பதைத் தாண்டுவது பெரும்பாலும் அப்படிப்பட்ட நாட்களில்தான். வேலூர்க்காரர்களுக்கு அந்தக் கடற்காற்று சரியாக எட்டுவதே இல்லை.

கடலின் இந்தக் கொள்ளளவு எவ்வளவு பெரிது என்பதற்கு இன்னொரு கணக்கு. கடல்மட்டத்தில் ஒரு சதுர மீட்டருக்கு மேலே, வானத்தின் உச்சிவரை, பத்து டன்னுக்குச் சற்று அதிகமான காற்று இருக்கிறது. அத்தனை காற்றையும் ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம், அதன் அடியிலுள்ள கடல்நீரில் மேலே இரண்டரை மீட்டரை ஒரு டிகிரி சூடாக்கப் போதும். இரண்டரை மீட்டர் என்பது ஒரு ஆள் உயரத்துக்குச் சற்று மேலே. கடலின் சராசரி ஆழமோ மூன்றரை கிலோமீட்டருக்கும் அதிகம். புவி சூடாவதால் சேரும் கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதம் கடலுக்குள்தான் போகிறது. வெப்பமானி காட்டுவது சின்ன ஏற்றம், உள்ளே போயிருப்பதோ பெரிய கணக்கு.

இவ்வளவும் படித்தபின் வெப்பத்தைச் சேமித்து வைக்கச் சிறந்த பொருள் தண்ணீர்தான் என்று தோன்றும். பல இடங்களில் அதுவே உண்மை. வாகன ரேடியேட்டரிலும், வெந்நீர் ஒத்தடப் பையிலும், கூரையிலுள்ள சூரிய ஹீட்டரிலும் தண்ணீர் இருப்பது சும்மா இல்லை. ஆனால் தண்ணீருக்கு ஒரு எல்லை உண்டு: 100 டிகிரியில் அது ஆவியாகிக் கிளம்பிவிடும். தள்ளுவண்டிக்காரர் கடலை வறுக்க மணலை வைத்திருப்பதன் காரணம் அதுதான். மணலின் தன்வெப்பம் தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கு. அதனாலென்ன, அது இருநூறு டிகிரிக்கு மேலேயும் அசையாமல் வாணலியில் உட்கார்ந்திருக்கும். கடலையைப் போட்டதும் சுற்றிலும் மூடிக்கொண்டு எல்லாப் பக்கமும் சமமாகக் கொடுக்கும். கவனித்திருந்தால் தெரியும்: வண்டியில் எப்போதும் கடலையைவிட மணல்தான் அதிகமாக இருக்கும்.

அதே யோசனையைப் பின்லாந்தில் ஊருக்கே வெப்பம் கொடுக்கப் பயன்படுத்துகிறார்கள். 2022-இல் கன்கான்பா என்ற ஊரில் நூறு டன் மணலை ஒரு இரும்புக் கொள்கலனில் நிரப்பி, காற்றாலையும் சூரியத் தகடும் மிச்சமாகத் தரும் மின்சாரத்தைக்கொண்டு ஐந்நூறு டிகிரிக்கு மேல் சூடாக்கினார்கள். குளிர்காலத்தில் அந்த வெப்பத்தை எடுத்து வீடுகளுக்கு அனுப்பினார்கள். 8 மெகாவாட்-மணி வெப்பம் அதில் அடங்கும். தன்வெப்பம் 0.8 தான், ஆனால் நூறு டன்னும் பல நூறு டிகிரியும் சேர்ந்தால் பெருக்கல் எங்கேயோ போய்விடுகிறது. 2025-இல் போர்னாய்னென் என்ற ஊரில் இதைவிடப் பன்னிரண்டு மடங்கு பெரியது ஒன்றை இயக்கத் தொடங்கினார்கள். அதில் இருப்பது மணல்கூட இல்லை. கணப்பு அடுப்பு செய்கிறவர்களிடம் கல்லை அறுத்து மீந்துபோன இரண்டாயிரம் டன் மாக்கல் துகள்.

மாக்கல் நமக்குப் புதிதில்லை. சேலம் பக்கம் கடைந்து வருகிற கல்சட்டி அந்தக் கல்தான். அதன் தன்வெப்பம் ஒரு ஜூலுக்குச் சற்றுக் கீழே, அலுமினியத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஆனால் சட்டியின் சுவர் விரல் தடிமன், காலியாகவே தூக்க இரண்டு கை வேண்டும். அதில் புளிக்குழம்பு வைப்பவர்கள் பதம் வருவதற்குச் சற்று முன்பே அடுப்பை அணைத்துவிடுவார்கள். தீ போனபின்னும் ஓரங்களில் குமிழ் விட்டுக்கொண்டு, சில நிமிடம் குழம்பு தானாகவே கொதித்துக்கொண்டிருக்கும்.